அட்டை

கடிதம் ஐப்பசியிலேயே வந்துவிட்டதாம்.
தோட்டத்து ஆபீசில்
உரக்கணக்குக் கொப்பிக்கு அடியில்
இரண்டு மாதம் படுத்துக் கிடந்திருக்கிறது.
கீழ்க்கணக்கு ஏழாம் லயத்துக்குத்
தெருவும் இல்லை, இலக்கமும் இல்லை.
தபால்காரர்தான் என்ன செய்வார்.

கிளாக்கர் எடுத்து நீட்டியபோது
உறையின் மூலையில் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்.
உள்ளே முழுக்கச் சிங்களம்.
ஒன்பதாம் ஆண்டு படிக்கும் சுகந்தினி
எழுத்துக் கூட்டி வாசித்தாள்:
"காப்புறுதி இனித் தானா நீளாதாம்மா.
நீங்களே போய்ப் புதுப்பிக்கணுமாம்."
அதற்குக் கீழே ஒரு திகதி.
அது போன செவ்வாய்க்கிழமை.

நோய் ஊரைப் பூட்டிய வருடம்
கேட்காமலே தந்தார்கள் அந்த அட்டையை.
அடுத்த வருடமும் நான் கேட்கவில்லை, அதற்கடுத்தும்.
கண்டியில் மாதம் ஒரு இரத்தப் பரிசோதனை,
நெஞ்சுக்குள் வைத்த உலோக வால்வுக்காக
இரத்தத்தை உறையவிடாத குளிசை,
எல்லாம் அதன் கணக்கில்.
தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் அட்டை
இந்த மலையில் ஒன்றுதான்,
அது வேறு அட்டை என்று
நான் யோசித்திருக்க வேண்டும்.
அது கடித்தால்
மற்றவர்களுக்கு ஒரு சவர்க்காரத் துண்டு போதும்.
எனக்குப் பொழுது சாயும்வரை நிற்காது.

வியாழக்கிழமை கொழுந்துக்குப் போகவில்லை.
எங்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
கிலோ குறைந்தால் அரைப் பேர்.
என் பேரை மலையிலேயே விட்டுவிட்டு
நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன்.
அங்கே கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
முதல் கேள்வியே, பேர் என்ன.

சந்தனமாரி என்றேன்.
அடையாள அட்டையில் சன்தனமாரி.
பிறப்புச் சான்றில் வெறும் சந்தனம்.
ஆஸ்பத்திரிக் கொப்பியில் எஸ். மேரி.
நாலு பேரும் ஒரே ஆள்தானா என்றார் அந்த ஐயா.
நாலு பேர் இருந்தும்
இன்றைக்கு ஒரு பேர்கூட விழாது என்று
அவரிடம் சொல்லவா முடியும்.
சத்தியக் கடதாசி கொண்டுவரச் சொன்னார்.
ஜே.பி. வீட்டு வாசலில் நாய் இருந்தது,
ஜே.பி. இல்லை.
இரண்டு மணிக்குச் சோற்றுக் கை காயாமல் வந்து
கையெழுத்துப் போட்டார்.
காசு வேண்டாம் என்றார், அது ஒரு ஆறுதல்.

மூன்றரைக்கு வேறு மேசை, வேறு பெண்.
சட்டையில் குத்திய பட்டியில் தினூஷா.
கொஞ்சம் தமிழ், நிறையக் கைச்சாடை.
விலாசம்?
ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா, கீழ்க்கணக்கு.
கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை.
வீதிப் பெயர் போடாமல்
அடுத்த பக்கம் திறக்காதாம்.
வாசலைப் பார்த்தாள். வரிசை நீளம்.
"வீடு கிட்ட என்ன இருக்கு?"
பீலி இருக்கு மிஸ், என்றேன்.
தண்ணி விழும். நாங்க குளிக்கிற எடம்.
இரண்டு விரலால் தட்டினாள்:
பீலி வீதி.
பக்கம் திறந்தது.
லயம் கட்டிய நாளிலிருந்து இல்லாத தெரு
அரை நிமிடத்தில் ஓடி முடிந்தது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

பற்றுச்சீட்டில் ஆறு கிழமை என்று போட்டிருக்கிறது.
அதுவரைக்கும் எந்த அட்டையும் இல்லை.
டப்பாவில் குளிசை பத்தொன்பது.
பாதியாக உடைச்சா முப்பத்தெட்டு நாளைக்கு வரும்
என்றாள் சுகந்தினி,
சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.
அப்படிப் பார்த்தாலும் நாலு நாள் இடிக்கிறது.
விளக்கை அணைத்த பிறகும்
அந்த நாலு நாளை எங்கே வைப்பது என்று
இரண்டு பேரும் பேசாமல் தேடிக்கொண்டிருந்தோம்.

நாளைக்குத் தபால்காரர்
வளைவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறும்போது
மறக்காமல் சொல்ல வேண்டும்:
பீலி வீதி என்று ஏதாவது வந்தால்
ஆபீசில் கொடுக்காதீங்க,
அது நாங்கதான்.